பெட்டி வரும் முன்னும் பெட்டி போன பின்னும்: தமிழ்த் திரை விமர்சகரின் தொண்ணூறு ஆண்டுகள்

எண்பதுகளில் எங்கள் ஊர் சலூனில், முடி வெட்டக் காத்திருக்கும் பெஞ்சின் மேல் ஆனந்த விகடன் கிடக்கும். அட்டை கிழிந்து, எண்ணெய்க் கை பட்டு ஓரமெல்லாம் கறுத்திருக்கும். அதைக் கையில் எடுக்கிற பெரியவர்கள் நேராகத் திரை விமர்சனப் பக்கத்துக்குப் போவார்கள். கண் முதலில் தேடுவது மதிப்பெண்ணை. "நாற்பத்தி மூணு போட்டிருக்கான்" என்று கடைக்கே கேட்கும்படி ஒருவர் சொல்வார். "அவ்வளவுதானா?" என்று நாற்காலியில் சோப்பு நுரையோடு இருப்பவர் கேட்பார். அதன் பிறகுதான் வாசிப்பு தொடங்கும். அந்தப் படம் மதுரையில் ஓடி முடிந்து, சுற்று வட்டார ஊர்களையெல்லாம் சுற்றி, எங்கள் டூரிங் டாக்கீஸுக்குப் படச்சுருள் பெட்டி வந்து சேர மாதக்கணக்காகும். அதுவரை அந்தப் படம் எங்களுக்கு அந்த ஒரு பக்கம்தான்.

இன்று வெள்ளிக்கிழமை காலைக் காட்சியின் இடைவேளையிலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது. காட்சி முடிந்து வெளியே வருகிறவர்களின் முகத்துக்கு நேரே மைக் நீள்கிறது. மாலைக்குள் நூறு வீடியோக்கள். ஞாயிறு இரவுக்குள் படத்தின் தலையெழுத்து முடிவாகிவிடுகிறது. நிதானமாகப் பார்த்து, யோசித்து, எழுதி அச்சுக்கு அனுப்புகிற விமர்சகருக்கு இதில் எங்கே இடம்?

தமிழில் இந்தக் கேள்வியை முழுமையாகப் பார்க்க வேண்டுமானால் விமர்சகருக்கு எப்போதும் இரண்டு வேலைகள் இருந்ததை நினைவில் வைக்க வேண்டும். ஒன்று, பெட்டி வரும் முன் செய்யும் வேலை: பார்க்கலாமா, வேண்டாமா என்று வழிகாட்டுவது. மற்றொன்று, பெட்டி போன பின் செய்யும் வேலை: நாம் பார்த்தது என்ன, அது நம்மை என்ன செய்தது என்று சொல்லி நினைவில் நிறுத்துவது. முதல் வேலையை நாம் கொண்டாடினோம். இரண்டாவதைப் பெரும்பாலும் தனிமனிதர்களின் பிடிவாதத்திடம் விட்டுவிட்டோம். இப்போது முதல் வேலை விமர்சகரின் கையை விட்டுப் போய்விட்டது. இரண்டாவது வேலை இன்னும் பாக்கியிருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

தொலைந்த படங்களின் சாட்சி

தமிழ் பேசிய முதல் படமாகச் சொல்லப்படும் 'காளிதாஸ்', 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் வெளியானது. இயக்கியவர் எச்.எம். ரெட்டி, கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி. அந்தப் படத்தின் பிரதி இன்று இல்லை. அது எப்படிப்பட்ட படம் என்று தெரிந்துகொள்ள நமக்கு மிஞ்சியிருப்பவை விளம்பரங்கள், பாட்டுப் புத்தகம், சுதேசமித்திரன் போன்ற பத்திரிகைகளில் வந்த குறிப்புகள் ஆகியவையே. தமிழும் தெலுங்கும் கலந்து பேசிய படம் அது என்பதையும், பார்வையாளர்கள் அதை எப்படி வரவேற்றார்கள் என்பதையும் அந்தத் தாள்கள்தான் சொல்கின்றன. அதற்கு முந்தைய மௌனப் படங்களின் கதை இன்னும் மோசம். தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப் படங்களில் முழுமையாகக் கிடைப்பது 1933இன் 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான்.

அன்றைய பத்திரிகையாளர் தன் குறிப்பை எதிர்காலத்துக்காக எழுதவில்லை. வந்திருக்கும் புதிய கேளிக்கையைப் பற்றி வாசகருக்குத் தகவல் சொன்னார். தொண்ணூறு ஆண்டு கழித்து, படம் அழிந்த இடத்தில் அவருடைய வரிகள் மட்டும் நிற்கின்றன. ஒரு படத்துக்கு விமர்சனம் என்ன செய்ய முடியும் என்பதற்குத் தொடக்கத்திலேயே கிடைத்த சான்று இது.

கல்கி போட்ட பாதை

விமர்சனத்தை ஒரு வாசிப்பு இன்பமாக்கியவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி. 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் இசை, நாட்டியம் குறித்து எழுதிவந்த அவருடைய பேனா சினிமாவையும் விட்டுவைக்கவில்லை. 1935இல் 'பக்த நந்தனார்' வந்தது. கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் என்பது அந்தக் காலத்தில் ஊரெல்லாம் பேச்சு. மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர் வேதியராக நடித்தார். இவ்வளவு பெரிய பெயர்கள் இருந்தும், படத்தில் இயல்பாக இருந்தவை பனைமரமும் எருமையும் ஆடும்தான் என்ற பொருளில் கல்கி எழுதினார்.

அந்தக் கேலியைப் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்குள் இருக்கும் நுட்பத்தைக் கவனித்தவர்கள் குறைவு. மேடையில் பாடியும் நடித்தும் பழகியவர்கள் காமிராவுக்கு முன்னும் மேடையில் நிற்பதுபோலவே நின்றார்கள். மரத்துக்கும் மாட்டுக்கும் அந்தப் பழக்கம் இல்லை. அதனால் அவை திரையில் உயிரோடு இருந்தன. சினிமா என்பது படம் பிடிக்கப்பட்ட நாடகம் இல்லை, அதற்கென்று தனி இயல்பு உண்டு என்ற அடிப்படைப் பாடத்தைக் கல்கி ஒரே வீச்சில் சொல்லிவிட்டார். தமிழ்த் திரை விமர்சனம் அந்த இடத்திலிருந்து வளர்ந்திருக்க வேண்டும். பின்னால் வந்த பலர் கல்கியின் கிண்டலை எடுத்துக்கொண்டு கண்ணை விட்டுவிட்டார்கள்.

எழுதுகிறவருக்கும் படம் எடுக்கிறவருக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் என்ற பிரச்சினையும் அப்போதே தொடங்கியது. 1939இல் கே. சுப்ரமணியம் இயக்கிய 'தியாக பூமி'யின் கதை கல்கியுடையது. படம் வெளிவருவதற்கு முன்பே, அதன் காட்சிப் படங்களோடு விகடனில் அது தொடராக வந்தது. விகடன் அதிபர் எஸ்.எஸ். வாசனோ ஜெமினி ஸ்டூடியோவை நிறுவி 1948இல் 'சந்திரலேகா' வரை போனார். பத்திரிகையும் ஸ்டூடியோவும் ஒரே குடும்பத்தில் இருப்பது தமிழ்நாட்டுக்கு ஆரம்பத்திலிருந்தே பழக்கமான ஏற்பாடு. நேர்மையான மனிதர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். ஆனாலும் விமர்சகரின் சுதந்திரம் என்பது அவருடைய குணத்தை மட்டும் பொறுத்ததில்லை, அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பொறுத்தது என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

நட்சத்திரமும் வதந்தியும்

1930களிலும் 40களிலும் சினிமாவுக்கென்றே பத்திரிகைகள் முளைத்தன. 'சினிமா உலகம்', 'பேசும் படம்', 'குண்டூசி' ஆகியவை அந்தத் தலைமுறையின் பெயர்கள். பம்பாயில் பாபுராவ் படேல் 1935 முதல் நடத்திய 'பிலிம் இந்தியா' காட்டமான எழுத்துக்குப் பெயர் போனது. தமிழ்ப் பத்திரிகைகளில் கேள்வி-பதில் பகுதிகளுக்கு இருந்த செல்வாக்கு விமர்சனத்துக்கு இல்லை. வாசகர் நட்சத்திரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பினார். படத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பின்னால்தான் வந்தது.

அந்த ஆர்வத்தின் இருண்ட பக்கத்தைக் காட்டியது லட்சுமிகாந்தன் விவகாரம். 'சினிமா தூது', பிறகு 'இந்து நேசன்' என்று நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை எழுதியே பத்திரிகை நடத்தியவர் சி.என். லட்சுமிகாந்தன். 1944 நவம்பரில் சென்னையில் பட்டப்பகலில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்தக் கொலை வழக்கில் நடிகர்கள் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதாகி, தண்டிக்கப்பட்டு, 1947இல் விடுதலையானார்கள். அதே 1944 தீபாவளிக்கு வந்த பாகவதரின் 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அந்தப் படம் ஓடிக்கொண்டிருக்க, அதன் நாயகர் சிறையில் இருந்தார்.

இந்த நிகழ்வு திரையுலகத்துக்கும் பத்திரிகைக்கும் இடையே ஒரு கசப்பை விட்டுச்சென்றது. சினிமாவைப் பற்றி எழுதுவது என்றாலே கிசுகிசு என்று படித்தவர்கள் ஒதுங்கினார்கள். நல்ல எழுத்தாளர் கையில் எடுக்கத் தயங்கும் துறையாக அது நெடுங்காலம் இருந்தது.

கட்சியின் கண்ணாடி

1952 தீபாவளிக்கு 'பராசக்தி' வந்தபோது விமர்சனம் அரசியல் களமானது. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், மு. கருணாநிதியின் வசனம், சிவாஜி கணேசனின் முதல் படம். படத்தைத் தடைசெய்யச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. ஒரு வார இதழ் 'பரபிரம்மம்' என்று கேலித் தலைப்பிட்டுத் தாக்கியது. கருணாநிதி அந்தத் தலைப்பையே எடுத்து ஒரு நாடகமாக்கினார். கோயிலையும் பூசாரியையும் பற்றிய வசனங்களை முன்வைத்து இரண்டு தரப்பும் மோதின. படத்தின் காட்சியமைப்பு, நடிப்பு, வசனத்துக்கும் காமிராவுக்கும் உள்ள உறவு ஆகியவை அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போயின.

அதற்குப் பிந்தைய கால் நூற்றாண்டில் திரையரங்கமும் கட்சிக் கூட்டமும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. ஒரு படத்தைக் குறை சொன்னால் அது தலைவரைக் குறை சொன்னதாயிற்று. ரசிகர் மன்றங்களின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு எழுதுவது லேசான காரியமில்லை. 1972இல் ஜெயகாந்தன் 'சினிமாவுக்குப் போன சித்தாளு' எழுதி, நட்சத்திர மோகம் ஓர் ஏழைப் பெண்ணின் வாழ்க்கையில் செய்யும் வேலையைக் காட்டினார். அது கதைதான். ஆனாலும் அந்தக் காலத்தின் மிகத் துணிச்சலான திரை விமர்சனம் எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

விமர்சகர் இயக்குநரானபோது

உலகில் பல இடங்களில் புதிய சினிமா விமர்சனத்தின் வயிற்றிலிருந்து பிறந்திருக்கிறது. பாரிசில் 1951இல் ஆந்த்ரே பஸானும் நண்பர்களும் தொடங்கிய 'கையே து சினிமா' இதழில் எழுதிய த்ரூஃபோ, 1959இல் 'நானூறு அடிகள்' எடுத்தார். கல்கத்தாவில் 1947இல் பிலிம் சொசைட்டி தொடங்கிய சத்யஜித் ராய், இந்தியப் படங்களின் குறைகளைப் பற்றி 1948இல் கட்டுரை எழுதினார். 1955இல் 'பதேர் பாஞ்சாலி'யைத் தந்தார்.

நமக்கும் அப்படி ஒருவர் உண்டு. 1958இல் காரைக்குடி அழகப்பா கல்லூரி விழாவுக்கு எம்.ஜி.ஆர் வந்தபோது, அவர் முன்னிலையிலேயே ஒரு மாணவர் தமிழ்ப் படங்களின் செயற்கைத்தனத்தை விளாசிப் பேசினார். ஊரில் காதலிக்கிறவன் கல்லடிக்குப் பயந்து ஒளிய, திரையில் காதலிக்கிறவர்கள் வாத்தியங்களோடு பாடித் திரிகிறார்கள் என்பது அவர் வாதம். எம்.ஜி.ஆர் கோபப்படவில்லை. சிறந்த விமர்சகராகத் தகுதி உள்ளவர் என்ற பொருளில் ஒரு தாளில் எழுதி வாழ்த்தினார். அந்த மாணவர்தான் மகேந்திரன். பிறகு 'இனமுழக்கம்' இதழில் சினிமா பற்றி எழுதினார். சோவின் 'துக்ளக்'கில் உதவி ஆசிரியராக இருந்தார். 1978இல் 'முள்ளும் மலரும்', 1979இல் 'உதிரிப்பூக்கள்' என்று தன் விமர்சனத்தைப் படமாகவே எழுதிக்காட்டினார்.

'உதிரிப்பூக்க'ளின் கடைசிக் காட்சியைப் பாருங்கள். மனைவியையும் ஊரையும் வதைத்த சுந்தரவடிவேலை ஊர் மக்கள் ஆற்றங்கரைக்குக் கொண்டுவருகிறார்கள். வழக்கமான படமென்றால் அடிதடி இருக்கும், கதாநாயகனின் வசனம் இருக்கும், போலீஸ் ஜீப் வரும். இங்கே ஒருவரும் அவனை அடிப்பதில்லை. இத்தனை நாள் நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப்போல மாற்றிவிட்டேனே, அதுதான் நான் செய்த பெரிய தப்பு என்று அவன் சொல்கிறான். குழந்தைகளிடம் விடைபெற்று, தானாகத் தண்ணீருக்குள் நடக்கிறான். கரையில் நிற்கும் முகங்கள் வெற்றி பெற்ற முகங்களாக இல்லை. பார்வையாளரும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகிக் கூனிப்போகிறார். இருபது ஆண்டுகளுக்கு முன் கல்லூரி மேடையில் கேட்ட கேள்விக்கு இயக்குநர் சொன்ன பதில் அது. ஒரு நல்ல விமர்சகர் நமக்குச் செய்ய வேண்டியது, அந்தக் கரையில் நம்மை இன்னும் சிறிது நேரம் நிற்கவைப்பது.

மதிப்பெண்ணின் ஆட்சி

எழுபதுகளின் பிற்பகுதி விமர்சனத்தின் பொற்காலமும் ஆனது. விகடன் விமரிசனக் குழு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டது. 1977இல் பாரதிராஜாவின் '16 வயதினிலே' பெற்ற 62½ உச்சமாக நின்றது. 'முள்ளும் மலரும்' 61 பெற்றது. அறுபதைத் தொடுவது இயக்குநர்களுக்குப் பட்டம் வாங்கியதுபோல. பள்ளியில் முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி என்று வளர்ந்த சமூகத்துக்கு அந்தக் கணக்கு உடனே பிடிபட்டது.

மதிப்பெண் நல்லதும் செய்தது, கெட்டதும் செய்தது. பெரிய நடிகர் இல்லாத படத்தைச் சின்ன ஊர் வரை கொண்டுசேர்த்தது நல்லது. அந்த எண் எப்படி வந்தது என்று விளக்கும் பொறுப்பிலிருந்து எழுதுகிறவரை விடுவித்தது கெட்டது. விமர்சனத்துக்கு ஓர் அச்சு உருவாகிவிட்டது. முக்கால் பங்கு கதைச் சுருக்கம். பிறகு "ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி", "எடிட்டர் இன்னும் கொஞ்சம் கத்தரி போட்டிருக்கலாம்", "இரண்டாம் பாதியில் வேகத்தடை" என்று துறைக்கு ஒரு வரி. இந்த வரிகளை எந்தப் படத்துக்கும் ஒட்டலாம். காமிரா ஏன் அந்த இடத்தில் நின்றது, ஒலி ஏன் அங்கே நின்றுபோனது என்று கேட்கும் எழுத்து அபூர்வமாகவே வந்தது.

பெட்டி போன பின் எழுதியவர்கள்

இரண்டாவது வேலையைச் செய்தவர்கள் வேறு திசையிலிருந்து வந்தார்கள். ஈழத்துப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி, தமிழ்த் திரைப்படம் அரசியல் தொடர்புச் சாதனமாக இயங்கியதைப் பற்றி 1981இல் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலையரங்கம் சினிமாக் கொட்டகைதான், அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பில்லை, டிக்கெட் விலைதான் என்று அவர் சுட்டிக்காட்டினார். கோயிலிலும் தெருவிலும் தள்ளிவைக்கப்பட்டவர் தரை டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்ததன் பொருளை, எந்தப் படத்தின் மதிப்பெண்ணும் சொல்லிவிட முடியாது.

அதே 1981இல் தியடோர் பாஸ்கரன், நாடகமும் சினிமாவும் தேசிய இயக்கத்தோடு கொண்ட உறவை ஆராய்ந்து நூல் வெளியிட்டார். தமிழ் சினிமா பற்றி 1996இல் அவர் எழுதிய நூலுக்குத் தேசிய விருது கிடைத்தது. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பத்தையும் அரசியலையும் ஆராய்ந்தார். ராண்டார் கை பழைய படங்களின் பின்கதைகளைப் பத்திரிகையில் தொடர்ந்து எழுதினார். பிலிம் நியூஸ் ஆனந்தன் ஒவ்வொரு படத்தின் விவரத்தையும் வாழ்நாள் முழுக்கச் சேகரித்தார். அவர் விமர்சகர் இல்லை. ஆனால் அவர் சேர்த்துவைத்தது இல்லாமல் பிற்கால விமர்சகர் ஓரடி நகர முடியாது. 'நிழல்', 'காட்சிப்பிழை' போன்ற சிற்றிதழ்கள் சினிமாவைத் தீவிரமான பேச்சாக்கின. 2005ஆம் ஆண்டுக்கான சிறந்த திரை விமர்சகர் தேசிய விருது பரத்வாஜ் ரங்கனுக்குக் கிடைத்தபோது, சென்னையிலிருந்து ஆங்கிலத்தில் எழுதும் ஒரு தலைமுறை கவனம் பெற்றது.

இந்த எழுத்தின் பலன் மெதுவாகப் பொதுவெளிக்கு வந்தது. திரையில் சாதிப் பெருமை எப்படிக் கொண்டாடப்படுகிறது என்று ஸ்டாலின் ராஜாங்கம் போன்றவர்கள் கேட்டார்கள். 2018இல் 'பரியேறும் பெருமாள்' வந்தபோது அதை வாசிக்கத் தேவையான மொழி ஓரளவு தயாராக இருந்தது. 2016இல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு, விருப்பமில்லாத பெண்ணைத் துரத்துவதைக் காதல் என்று பல பத்தாண்டுகளாகக் காட்டிய படங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தது. நாம் கைதட்டி ரசித்த பாட்டையும் காட்சியையும் திரும்பிப் பார்க்கவேண்டிய நிலை வந்தது. படம் ஓடி முடிந்து வெகுகாலம் கழித்துச் செய்யும் விமர்சனம் ஏன் அவசியம் என்பதற்கு இதைவிட வேதனையான சான்று வேண்டியதில்லை.

மூன்று நாள் சந்தை

1993இல் சன் டி.வி. வந்தது. ஞாயிற்றுக்கிழமைத் திரை வரிசை நிகழ்ச்சி விமர்சனத்தை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தது. பிறகு வலைப்பூக்கள், அதன் பின் யூடியூப். நீல நிறச் சட்டையில் தோன்றிப் பேச்சுத் தமிழில் படங்களைக் கிழித்த இளமாறன், 'புளூ சட்டை' மாறன் என்றே அறியப்பட்டார். 2021இல் 'ஆன்டி இண்டியன்' என்ற படத்தையும் இயக்கினார். பத்திரிகை வாசிக்காத லட்சக்கணக்கானவர்களுக்கு அவரைப் போன்றவர்களே விமர்சகர்கள். அச்சுப் பத்திரிகையின் இங்கிதம் சொல்லத் தயங்கியதை அவர்கள் பட்டென்று போட்டு உடைத்தார்கள். அதில் ஒரு ஜனநாயகம் இருக்கிறது. அதை மேட்டிமையோடு ஒதுக்கக் கூடாது.

அதே நேரம் சந்தையின் கணக்கும் மாறிப்போனது. முன்பு சில பத்துப் பிரிண்டுகளோடு தொடங்கி நூறு நாள், வெள்ளிவிழா என்று படம் மெல்லப் பரவும். இப்போது ஒரே நாளில் எல்லா ஊரிலும் வெளியாகி, முதல் மூன்று நாளில் போட்ட பணத்தை எடுக்கப் பார்க்கிறது. ஆகவே முதல் நாள் சொல்லுக்குப் பயங்கரமான விலை வந்துவிட்டது. பாராட்டுக்குப் பணம் கைமாறுவதாகவும், திட்டாமல் இருக்கப் பேரம் நடப்பதாகவும் புகார்கள் எழுகின்றன. பழைய பத்திரிகையாளர் சந்திப்புகளின் 'கவர்' கலாச்சாரம் புது வேடம் போட்டுக்கொண்டது.

கேரளத்தில் 2023இல் இது உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர், வெளியான 48 மணி நேரம் விமர்சனத்தைத் தள்ளிவைக்கலாம் என்று 2024இல் பரிந்துரைத்தார். 2024 நவம்பரில் 'கங்குவா'வுக்கு வந்த கடும் விமர்சனங்களுக்குப் பிறகு, திரையரங்க வளாகத்துக்குள் யூடியூப் காமிராக்களை விடக் கூடாது என்று தமிழ்த் தயாரிப்பாளர் அமைப்பு கேட்டுக்கொண்டது. முதல் மூன்று நாள் விமர்சனத்தைத் தடுக்கக் கோரிய மனுவில் இடைக்காலத் தடை விதிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் டிசம்பரில் மறுத்தது. கருத்துச் சொல்லும் உரிமை காக்கப்பட்டது நல்லது. டிக்கெட் வாங்கியவரின் வாயை மூட யாருக்கும் உரிமை கிடையாது. தன் உழைப்பை வதந்தியால் இழந்தவர் கேட்கும் கேள்வியும் பொய்யானதில்லை. பணம் வாங்கிச் சொன்னால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், படத்தைப் பார்க்காமல் பேசக் கூடாது, ஆளைத் திட்டக் கூடாது. இந்த மூன்றும் சட்டம் போடாமலே நாம் எதிர்பார்க்க வேண்டிய குறைந்தபட்ச ஒழுக்கம்.

பாக்கியிருக்கும் வேலை

பார்க்கலாமா என்ற கேள்விக்கு இனி நண்பரின் குறுஞ்செய்தியே போதும். விமர்சகர் அந்தப் பந்தயத்தில் ஓடினால் தோற்பார். அவருடைய களம் நான்காம் நாளிலிருந்து தொடங்குகிறது. பத்திரிகைகள் ஒரு படத்தைப் பற்றி ஒரு மாதம் கழித்து, ஐந்தாண்டு கழித்து மறுபடி எழுதச் சொல்ல வேண்டும். கல்லூரிகளில் கதைச் சுருக்கம் எழுதப் பழகிய மாணவர்களை ஒரே ஒரு காட்சியைப் பற்றி மூன்று பக்கம் எழுதவைக்க வேண்டும். ஆங்கிலத்தில் கிடக்கும் நல்ல ஆய்வுகளெல்லாம் எளிய தமிழில் சலூன் பெஞ்சு வரை வந்துசேர வேண்டும்.

சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய பாட்டுப் புத்தகங்களைக் காத்துவருகிறது. தொட்டால் உதிரும் தாள். நடிகர் பட்டியல், பாடல்கள், கதைச் சுருக்கம். கதையைப் பாதி சொல்லி, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லி முடிப்பது அந்தப் புத்தகங்களின் மரபு. அவற்றில் பல படங்களுக்கு இன்று வெள்ளித்திரையும் இல்லை, மீதியும் இல்லை. அன்று கொட்டகையில் உட்கார்ந்து பார்த்த யாரோ ஒருவர் கவனமாக எழுதிவைத்திருந்தால் மட்டுமே அந்த மீதி நமக்குக் கிடைக்கும். இன்றைய படங்களுக்கும் அந்த ஒருவர் தேவைப்படுகிறார்.